ஆன்ட்ரேயா போச்செல்லி: ரெக்கார்டில் கேட்பதா, மேடையில் கேட்பதா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போச்செல்லியைப் பற்றிப் பேச்செடுத்தால் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறது: சிடியில் உருக வைக்கிற ஆள் மேடையில் ஏன் வேறு மாதிரி இருக்கிறார், இல்லாவிட்டால் மேடையில் கேட்ட அந்த வேகம் சிடியில் ஏன் காணோம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். பதில்களில் என் சொந்த அபிப்பிராயம் நிறையக் கலந்திருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இவர் யார்? ஒரு பத்தியில் சொல்ல முடியுமா?

1958-இல் இத்தாலியின் தொஸ்கானா பகுதியில் லயாட்டிக்கோ என்ற சின்ன ஊரில் பிறந்தவர். பிறவியிலேயே கண்ணில் க்ளாகோமா என்ற கண் அழுத்த நோய்; 12 வயதில் கால்பந்து ஆடும்போது அடிபட்டு மிச்சமிருந்த பார்வையும் போனது. பீசா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார், பியானோ பார்களில் பாடினார், ஃப்ராங்கோ கொரெல்லி என்ற பெரிய டெனரிடம் (டெனர் என்றால் உச்ச ஸ்தாயியில் பாடும் ஆண் குரல்) பாடம் கேட்டார். 1994 சான்ரெமோ இசை விழாவில் புதுமுகங்கள் பிரிவில் ஜெயித்தார், அதற்குப் பிறகு இறங்குமுகமே இல்லை. ஒரே கச்சேரியில் பூச்சினி எழுதிய ஓபரா பாட்டும் பாடுவார், பாப் பாட்டும் பாடுவார். இதைத்தான் க்ளாசிக்கல் க்ராஸ்ஓவர் என்கிறார்கள். இரண்டு பக்கமும் கால் வைத்திருப்பதால்தான் இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழுகிறது.

ஒரே ஆளின் குரல் ரெக்கார்டில் ஒரு மாதிரியும் மேடையில் ஒரு மாதிரியும் கேட்கிறதே, ஏன்?

முக்கால்வாசி விஷயம் மைக்தான். ஸ்டூடியோவில் நல்ல கண்டென்சர் மைக் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். அவ்வளவு கிட்டத்தில் பாடினால் குரலின் கீழ்ப்பகுதி தடிப்பாகப் பதிவாகும். மூச்சு இழுப்பது, ஒரு சொல்லின் கடைசி எழுத்தை மெல்ல விடுவது, எல்லாமே கேட்கும். போச்செல்லியின் குரலில் ஜனங்களுக்குப் பிடித்தது எது என்று யோசித்துப் பாருங்கள்: நடு ஸ்தாயியில் கொஞ்சம் கரகரப்போடு, காதருகில் வந்து பேசுவது போல் ஆரம்பித்து, அப்புறம் திறந்துகொண்டு மேலே போகும் அந்தப் போக்கு. அந்த ஆரம்பம் மைக் இல்லாமல் பத்தாவது வரிசையைக்கூடத் தாண்டாது. 1997-இல் உலகம் முழுக்கப் போன ‘ரொமான்ஸா’ ஆல்பம் முழுக்க இந்த வித்தையில்தான் நிற்கிறது.

அதற்கு மேல் கம்ப்ரெஷன் போடுவார்கள், அதாவது மெதுவாகப் பாடியதைத் தூக்கி, சத்தமாகப் பாடியதை அமுக்கி, இரண்டையும் பக்கத்தில் கொண்டுவருவது. பிறகு ரீவெர்ப் சேர்ப்பார்கள், சின்ன அறையில் பாடியது பெரிய தேவாலயத்தில் பாடியது போல் ஆகிவிடும். மேடையில் இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் செய்யலாம், ஆனால் பின்னால் எழுபது எண்பது பேர் வாத்தியம் வாசிக்கிறார்கள், காற்று அடிக்கிறது, அரங்கின் சுவர் தன் பங்குக்கு எதிரொலிக்கிறது. ஸ்டூடியோவில் இருக்கும் கட்டுப்பாடு அங்கே கிடைக்காது.

அப்படியென்றால் ரெக்கார்ட் என்பது ஏமாற்று வேலையா?

இல்லை. ஒரு பாட்டைப் பல டேக் பாடி, ஒன்றிலிருந்து பல்லவி, இன்னொன்றிலிருந்து உச்சம் என்று வெட்டி ஒட்டுவது டேப் காலத்திலிருந்தே நடக்கிறது, பெரிய பெரிய ஓபரா ரெக்கார்டுகளும் அப்படித்தான் வந்தன. அதைத் திருட்டு என்று சொன்னால் நம்மிடம் கேட்க ஒன்றும் மிஞ்சாது. ஸ்டூடியோ பதிவில் கேட்பது ஒரு பாடகர் அந்தப் பாட்டை எப்படி இருக்கவேண்டும் என்று நினைத்தார் என்பது. மேடையில் கேட்பது அன்றைக்கு என்ன முடிந்தது என்பது. எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான், அளவுக்கு மீறி மெழுகிவிடுவது. இவருடைய சில பாப் ஆல்பங்களில் குரலைச் சுற்றி இவ்வளவு வயலின் எதற்கு என்று தோன்றும்.

ஓபரா பாடகர்கள் மைக் இல்லாமல் பாடுவார்களாமே, இவர் மட்டும் ஏன் மைக் வைத்துக்கொள்கிறார்?

இது நியாயமான கேள்வி, பதிலும் கொஞ்சம் நீளம்.

ஓபரா அரங்கில் பாடகரும் ஆர்கெஸ்ட்ராவும் மைக் இல்லாமல்தான் மோதிக்கொள்வார்கள். ஆர்கெஸ்ட்ராவின் பலம் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், அதற்கு மேலே போகப் போகக் குறையும். பயிற்சி பெற்ற ஓபரா குரலில் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு தனிக் கூர்மை உண்டாகும், நம் காதுக்கு நன்றாகக் கேட்கும் பகுதியும் அதுதான், அதனால் ஒற்றைக் குரல் எண்பது வாத்தியத்தைத் தாண்டி மேல் மாடிக்குப் போய்ச் சேருகிறது. சத்தம் அதிகம் என்பதைவிட, இடைவெளி பார்த்துப் புகுந்துவிடுகிறது என்று சொல்லலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் சுமார் 3,800 பேர் உட்காரலாம். அந்தக் கடைசி வரிசை வரை மைக் இல்லாமல் போகவேண்டும்.

போச்செல்லியின் பெரிய கச்சேரிகள் நடப்பது விளையாட்டு அரங்கங்களிலும் திறந்தவெளியிலும். அங்கே எப்பேர்ப்பட்ட டெனராக இருந்தாலும் மைக் வேண்டும். பவரொட்டி, டொமிங்கோ, கரேராஸ் என்ற மூன்று பெரிய டெனர்கள் கூட்டாகப் பாடிய கச்சேரிகளிலும் மைக் இருந்தது. ஆகவே ‘மைக் வைத்திருக்கிறார், அதனால் போலி’ என்பது வாதமே இல்லை. மைக் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் உண்மையான கேள்வி.

சரி, மைக் இல்லாமல் ஓபரா மேடை ஏறியிருக்கிறாரா?

ஏறியிருக்கிறார். 1998-இல் சார்டீனியாவின் காலியாரி நகரில் பூச்சினியின் ‘லா போயெம்’ ஓபராவில் ரொடால்ஃபோவாக நடித்தார். 1999-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மாஸ்னேயின் ‘வெர்தர்’, ஜோடியாக டெனிஸ் கிரேவ்ஸ். டிக்கெட்டுக்கு அடிதடி, விமர்சகர்களிடம் அடி. குரலின் நிறம் இனிமை, ஆனால் அளவு சிறியது, மூச்சின் பிடிமானம் போதவில்லை என்பதுதான் சுருக்கம். கண் தெரியாத ஒருவர் செட்டுக்குள் நடமாடிக்கொண்டே முழு ஓபராவையும் பாடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை ஒத்துக்கொண்டே சொல்கிறேன், அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ரெக்கார்டில் அழகாக இருக்கும் அந்த மென்மையான ஆரம்பங்கள் ஓபரா அரங்கில் ஆர்கெஸ்ட்ராவுக்கு அடியில் போய்விடும்.

இதில் ஒரு வேடிக்கை. மேடையில் அவர் நடித்த வேடங்கள் கொஞ்சம்தான், ஆனால் ரெக்கார்டில் முழு ஓபராக்களாகவே ஒரு வரிசை இருக்கிறது: ஜூபின் மேத்தா நடத்திய ‘லா போயெம்’, ‘தோஸ்கா’, ‘துராந்தோத்’, ‘ஐடா’, அதோடு ‘இல் த்ரொவத்தோரே’, ‘கார்மென்’, ‘ஆன்ட்ரேயா செனியே’ என்று போகிறது. இதில் பலதும் எஃகுக் குரல் தேவைப்படும் வேடங்கள். ஓபரா அரங்கில் மைக் இல்லாமல் ‘இல் த்ரொவத்தோரே’ நாயகன் மன்ரீக்கோவை இவர் இப்படிப் பாடிவிட முடியுமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் ‘லா போயெம்’ பதிவை எடுத்து முதல் அங்கத்தில் நாயகன் ரொடால்ஃபோ நாயகி மிமியின் குளிர்ந்த கையைப் பிடித்துத் தன்னைப் பற்றிச் சொல்லும் இடத்தைக் கேளுங்கள். ஒரு இளைஞன் பொய்யும் மெய்யும் கலந்து தன்னை அறிமுகம் செய்கிறான், அதற்கு இந்தக் குரல் பொருந்துகிறது. ஸ்டூடியோ இல்லையென்றால் இந்த ரொடால்ஃபோ நமக்குக் கிடைத்திருக்க மாட்டான்.

‘மிசெரேரே’ பாட்டில் பாடுவது பவரொட்டியா, போச்செல்லியா? இரண்டும் கேட்டிருக்கிறேன்.

இரண்டும் சரி. இத்தாலிய ராக் பாடகர் சூக்கெரோ 1992-இல் இந்தப் பாட்டைப் பவரொட்டிக்காகத் தயார் செய்தபோது, அவருக்குப் போட்டுக் காட்ட ஒரு மாதிரிப் பதிவு தேவைப்பட்டது. அதில் டெனர் பகுதியைப் பாடியவர் அப்போது யாருக்கும் தெரியாத போச்செல்லி. பவரொட்டி அதைக் கேட்டுவிட்டு, இவ்வளவு நல்ல குரல் இருக்கும்போது நான் எதற்கு, இவரையே வைத்துக்கொள் என்கிற ரீதியில் சொன்னதாகக் கதை. கடைசியில் ரெக்கார்டில் பவரொட்டிதான் பாடினார். ஆனால் சூக்கெரோ ஐரோப்பா முழுக்கக் கச்சேரி செய்யக் கிளம்பியபோது பவரொட்டி தினமும் கூட வரமுடியுமா? போச்செல்லி போனார். ஆக, இன்றைக்கு ரெக்கார்ட் பாடகர் என்று கேலி செய்யப்படுகிறவர் உலகத்துக்கு அறிமுகமானதே இன்னொருவரின் ரெக்கார்டை மேடையில் பாடித்தான்.

1997-இல் பீசாவின் கவலியேரி சதுக்கத்தில் நடந்த கச்சேரியில் சூக்கெரோவும் போச்செல்லியும் இதைச் சேர்ந்து பாடுவது படமாகவே இருக்கிறது. ஆல்பத்தில் உள்ளதைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். சூக்கெரோவின் புகைபிடித்த குரலுக்குப் பக்கத்தில் பவரொட்டி ஒரு ராஜா வந்து நின்றது போல் இருப்பார். போச்செல்லி பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி வந்து சேர்ந்துகொள்கிறார்.

‘கான் தே பார்த்திரோ’வுக்கும் ‘டைம் டு சே குட்பை’க்கும் என்ன வித்தியாசம்? எது நல்ல பதிவு?

மெட்டு ஒன்றுதான். ஃப்ரான்செஸ்கோ சார்த்தோரி இசை, லூச்சியோ குவாரந்தோத்தோ வரிகள். போச்செல்லி தனியாக 1995 சான்ரெமோ மேடையில் பாடினார், நான்காவது இடம்தான் கிடைத்தது. அடுத்த வருஷம் ஜெர்மன் குத்துச்சண்டை வீரர் ஹென்ரி மாஸ்கேயின் கடைசிப் போட்டிக்காக, ஆங்கிலேயப் பாடகி சாரா பிரைட்மேனோடு ஜோடிப் பாட்டாக மாற்றி, ஆங்கிலத் தலைப்பும் வைத்தார்கள். 1996 நவம்பரில் ம்யூனிக்கில் நடந்த அந்தப் போட்டியில் மாஸ்கே தோற்றுப்போனார், பாட்டு ஜெர்மனியையே பிடித்துக்கொண்டது.

ஸ்டூடியோ என்றால் தனிப்பாட்டுதான், சந்தேகமே வேண்டாம். முதல் வரிகளில் கிட்டத்தட்டப் பேசுகிறார். ஜோடிப் பாட்டில் அந்த அந்தரங்கம் போய் விழாக்கோலம் வந்துவிடுகிறது. மேடையில் தலைகீழ்: இந்தப் பாட்டு கச்சேரி முடிவில், ஜனங்கள் எழுந்து நிற்கும் நேரத்தில்தான் வரும், அங்கே விழாக்கோலம்தான் எடுபடும், மெதுவான ஆரம்பத்தைக் கைதட்டலே விழுங்கிவிடும்.

‘நெஸ்ஸுன் டோர்மா’வின் கடைசி உச்சத்தை மேடையில் சுருக்கிவிடுகிறாராமே?

பூச்சினியின் ‘துராந்தோத்’ ஓபராவில் டெனர் பாடும் பாட்டு இது. எல்லா டெனர்களுமே ஒரு நாளைக்கு நீட்டுவார்கள், ஒரு நாளைக்குச் சீக்கிரம் இறங்கிவிடுவார்கள். இன்னொன்று, பூச்சினி எழுதிய இசைத்தாளில் அந்த உச்ச ஸ்வரம் மிகக் குட்டி. அதற்கு அடுத்து வரும் ஸ்வரம்தான் நீளம். நீட்டி முழக்குவது பாடகர்கள் சேர்த்துக்கொண்ட வழக்கம். ஆகவே சுருக்கினால் பூச்சினிக்குத் துரோகம் இல்லை.

இந்தப் பாட்டில் அவருடைய மேடைப் பதிவு ஒன்று கேட்கவேண்டும் என்றால் 2016 மே மாதம் இங்கிலாந்தின் லெஸ்டர் கால்பந்து மைதானத்தில் பாடியது. யாரும் எதிர்பாராமல் லெஸ்டர் சிட்டி பிரிமியர் லீக் பட்டத்தை ஜெயித்த வருஷம். பயிற்சியாளர் க்ளாடியோ ரானியேரி இத்தாலியர், பக்கத்தில் நிற்கிறார். கூட்டம் கத்திக்கொண்டே இருக்கிறது, பாட்டே கேட்காது போலிருக்கிறது; ரானியேரி இரண்டு கையையும் காட்டிக் கூட்டத்தை அமர்த்துகிறார். நடுவில் போச்செல்லி மேல் கோட்டைக் கழற்றினால் உள்ளே லெஸ்டர் சட்டை. ஒலித்தரம் என்று பார்த்தால் சுமார்தான், மைதான ஸ்பீக்கர், காற்று, இரைச்சல். ஆனால் ‘ஜெயிப்பேன்’ என்று முடியும் பாட்டை ஜெயித்தவர்கள் மத்தியில் பாடும்போது ஸ்வரத்தை அளந்துகொண்டு உட்கார யாருக்கு மனசு வரும்?

மேடையில் வாயசைக்கிறார் என்கிறார்களே?

இவர் விஷயத்தில் ஆதாரம் இல்லாமல் பேசுவதில் எனக்கு இஷ்டமில்லை. ஆனால் பெரிய விழா மேடைகளில் அப்படி நடப்பதுண்டு என்பதற்கு நல்ல உதாரணம் பவரொட்டியேதான். 2006 டூரின் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் அவர் பாடிய ‘நெஸ்ஸுன் டோர்மா’ முன்கூட்டியே பதிவு செய்தது, ஆர்கெஸ்ட்ராவும் வாசிப்பது போல் பாவனைதான் செய்தது என்று அதை நடத்திய லியோனே மஜேராவே பிறகு எழுதினார். பவரொட்டியின் உடல்நிலை அப்போது மோசம், மேலே பிப்ரவரிக் குளிர். அதற்காக அவரைக் குறைசொல்ல எனக்குத் தோன்றவில்லை. விழா மேடை வேறு, டிக்கெட் வாங்கிப் போகும் கச்சேரி வேறு, இரண்டையும் ஒரே தராசில் போடவேண்டாம்.

ஒரே பாட்டை ஸ்டூடியோவிலும் மேடையிலும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க ஏதாவது வழி உண்டா?

பிரமாதமான வழி ஒன்று இருக்கிறது, இதற்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம்.

1999-இல் ‘சேக்ரட் அரியாஸ்’ என்ற பக்திப் பாடல் ஆல்பம் வந்தது. ரோமின் சாந்தா செச்சிலியா ஆர்கெஸ்ட்ரா, நடத்தியவர் மியுங் ஹூன் சுங். அதில் ‘பானிஸ் ஆஞ்செலிகுஸ்’, பாக்–குனோ ‘ஆவே மரியா’, மஸ்கான்யியின் ‘சாங்க்தா மரியா’, ரொஸ்ஸினியின் ‘தோமினே தேயுஸ்’ நான்கும் இருக்கின்றன. 2020 ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறு, கொரோனா ஊரடங்கில் மிலான் பெரிய தேவாலயத்தில், உள்ளே பார்வையாளர் ஒருவரும் இல்லாமல், ஆர்கனில் எமானுவேலே வியானெல்லி மட்டும் துணையிருக்க, அதே நான்கையும் பாடினார். பிறகு வாசலுக்கு வந்து வெறிச்சோடிய சதுக்கத்தைப் பார்த்து நின்று ‘அமேசிங் கிரேஸ்’. யூட்யூப் நேரலையில் ஒரே சமயத்தில் 28 லட்சம் பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். 1999-இல் நாற்பது வயதுக் குரல்: வழவழப்பு, ஒரு சொல்லிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது தையலே தெரியாது, ஆர்கெஸ்ட்ரா மெத்தை போட்டுத் தாங்குகிறது. 2020-இல் 61 வயது: ‘பானிஸ் ஆஞ்செலிகுஸ்’ ஆரம்பிக்கும்போதே குரலில் கொஞ்சம் மணல் இருக்கிறது, மேலே போகும் இடங்களில் பிரயாசை தெரிகிறது, மூச்சு எங்கே எடுக்கிறார் என்று எண்ணிவிடலாம். கல் கட்டடத்தில் ஒவ்வொரு வரியும் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் தொங்கிக்கொண்டிருக்கிறது, அவரும் அது அடங்கக் காத்திருந்து அடுத்த வரி எடுக்கிறார். இந்தக் காத்திருப்பு ஸ்டூடியோ பதிவில் கிடையாது, அங்கே எதிரொலியைப் பின்னால் வேண்டிய அளவுக்குக் கூட்டிக் குறைக்கலாம்.

சுத்தம் எது என்றால் 1999. திரும்பத் திரும்பக் கேட்பது எது என்றால், என் மட்டில் 2020. இதற்குக் காரணம் கொரோனா காலத்து உணர்ச்சிதான் என்று சிலர் சொல்கிறார்கள், பாதி ஒத்துக்கொள்கிறேன். படத்தை மூடிவிட்டு ஒலியை மட்டும் கேட்டுப் பார்த்தேன், அப்போதும் ‘சாங்க்தா மரியா’ 2020-இல்தான் வேண்டுதல் மாதிரி இருக்கிறது.

‘லைவ்’ என்று அட்டையில் போட்டிருந்தால் அது முழுக்க மேடையில் பாடியதுதானா?

பொதுவாகவே லைவ் ஆல்பங்களில் மிக்ஸிங் வேலை நிறைய நடக்கும், குரலை முன்னால் கொண்டுவருவார்கள், கைதட்டலைக் குறைப்பார்கள். எவ்வளவு என்பது ஆல்பத்துக்கு ஆல்பம் மாறும். உதாரணம், 2011 செப்டம்பரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நடந்த இலவசக் கச்சேரி: ஆலன் கில்பர்ட் நடத்திய நியூயார்க் ஃபில்ஹார்மோனிக், விருந்தினராக செலின் டியோன், டோனி பென்னெட், பிரின் டெர்ஃபெல். மழையும் குளிர்காற்றுமாக இருந்த மாலை அது. வெளியான பதிவில் காற்றைத் தேடிப் பாருங்கள், அவ்வளவாக அகப்படாது. அதனால் பதிவு கெட்டுவிட்டதா? இல்லை. அங்கே நின்றவர்கள் காதில் விழுந்தது இதுவேதான் என்று மட்டும் நினைக்கவேண்டாம்.

ஜோடிப் பாட்டுகளில் இரண்டு பேரும் ஒன்றாக நின்று பாடுகிறார்களா?

ஸ்டூடியோவில் அப்படி இருக்கவேண்டிய கட்டாயமே இல்லை. ‘விவோ பெர் லேய்’ பாட்டைப் பாருங்கள்: இத்தாலியில் ஜோர்ஜா, ஃபிரான்சில் எலேன் செகாரா, ஜெர்மனியில் ஜூடி வைஸ், ஸ்பெயினில் மார்த்தா சாஞ்செஸ். நாட்டுக்கு ஒரு ஜோடி, அவரவர் மொழியில். வியாபாரம் என்று பார்த்தால் கில்லாடித்தனம். மேடையில்தான் இவர் எப்படிப்பட்ட கூட்டாளி என்று தெரியும். முகத்தைப் பார்த்து சைகை பிடிக்க முடியாது என்பதால் எதிராளியின் மூச்சைக் கேட்டுச் சேர்ந்துகொள்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. செலின் டியோனோடு ‘தி பிரேயர்’ பாடும் மேடைப் பதிவுகளில் கடைசி வரியை இருவரும் ஒன்றாக விடும் இடத்தைக் கவனியுங்கள்.

வயசாகிவிட்டது, இப்போது டிக்கெட் வாங்கலாமா?

‘ரொமான்ஸா’ குரலை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். உச்சத்தில் எச்சரிக்கை கூடியிருக்கிறது, நீளமான வரிகளை இரண்டாக உடைக்கிறார். நடு ஸ்தாயி இன்னும் அழகு. கச்சேரி பெரும்பாலும் முதல் பாதி ஓபரா, இரண்டாம் பாதி பாப், நடுவே விருந்தினர்களும் ஆர்கெஸ்ட்ராவும் தனியாக வாசிப்பார்கள், இவருக்கு ஓய்வு. அரங்கத்தில் அவர் அசையாமல் மைக் முன் நிற்பார், ஓடியாடும் நிகழ்ச்சியை எதிர்பார்க்காதீர்கள். ஒலி நன்றாக இருக்கவேண்டும் என்றால் மேடைக்கு மிகக் கிட்டே போவதைவிட ஒலிக்கட்டுப்பாட்டு மேஜைக்குப் பக்கத்து இடம் உத்தமம்.

வசதி இருந்தால் லயாட்டிக்கோவுக்கே போகலாம். அவர் ஊருக்கு வெளியே மலைச்சரிவில் ‘தெயாத்ரோ தெல் சிலென்ட்ஸியோ’, மௌன அரங்கம், 2006-இலிருந்து நடக்கிறது. வருஷத்தில் கோடையில் சில இரவு மட்டும் பாட்டு, மற்ற நாளெல்லாம் பெயருக்கேற்றபடி மௌனம்.

ஹெட்ஃபோனா, ஸ்பீக்கரா?

ஸ்டூடியோ பாப் ஆல்பங்களுக்கு ஹெட்ஃபோன். மேடைப் பதிவுகளுக்கு ஸ்பீக்கர். போன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம், அந்த நடு ஸ்தாயித் தடிப்பு முழுக்கப் போய்விடும்.

புதிதாகக் கேட்கிறவர் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

முதலில் ‘ரொமான்ஸா’ முழுதாக. பிறகு பீசா 1997 கச்சேரி, அதே சமயத்துக் குரல் மேடையில் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள. ஓபரா பிடித்தவர்கள் ‘லா போயெம்’, மற்ற முழு ஓபராக்களை அவசரமில்லாமல் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அடுத்து ‘சேக்ரட் அரியாஸ்’, அதற்கு அடுத்த நாளே மிலான் 2020. ஜோடிப் பாட்டுத் தொகுப்புகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அதிலிருந்து ஆரம்பித்தவர்கள் பலரும் இவரைக் கல்யாண வரவேற்புப் பாடகர் என்று முடிவுகட்டி விட்டுவிடுகிறார்கள்.